தொரை பங்களாச் சாவி

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக் காம்பராவின் பின்பக்கம் ஒரு கோழிக்கூடு கட்டவும் தோட்ட ஆபீஸில் கேட்க வேண்டும். வீட்டுக்கென்று விலாசம் கிடையாது. கடிதம் வந்தாலும் அதே ஆபீஸுக்குத்தான். கொழுந்து நிறை குறைந்தால் அம்மாவுக்கு அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். தராசு சொன்னால் சொன்னதுதான், மேன்முறையீடு கிடையாது.

பிறகு கொழும்பில் கணினிப் பாதுகாப்பு படித்தேன். முதல் பாடமே 'குறைந்தபட்ச அதிகாரம்'. வேலைக்கு வேண்டியதற்கு மேல் யாருக்கும் இம்மியும் கொடுக்காதே! சிரிப்பு வந்துவிட்டது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டத் தொரைமார் இதை எப்போதோ கரைத்துக் குடித்துவிட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் எங்கள் மலையகத் தமிழரிடமிருந்து குடியுரிமை என்கிற 'தேவைக்கு மிஞ்சிய அதிகாரத்தை'ப் பிடுங்கிக்கொண்டது. கடைசியாக மிஞ்சியவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க 2003 ஆயிற்று.

இப்போது ஒரு நிறுவனத்தின் கிளவுட் கிளஸ்டருக்கு நான் இராக்காவல். கிளஸ்டர் என்பதை எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்வது சுலபம். அது வரிசை வரிசையாக லயம். கன்டெய்னர் ஒவ்வொன்றும் ஒரு காம்பரா. உள்ளே ஒரு மென்பொருள் குடியிருக்கும். சுவர் தனியென்றாலும் கூரை ஒன்றுதான். அந்தக் கூரைக்குக் கெர்னல் என்று பெயர். 'பிரிவிலேஜ்ட்: ட்ரூ' என்று ஒரு வரி எழுதிவிட்டால், குடியிருப்பவன் கையில் தொரை பங்களாச் சாவி. முழு இயந்திரத்தின் சாதனங்களும் வட்டுகளும் அவனுக்குத் திறந்துவிடும். அவனைக் கைக்குள் போட்டுக்கொண்ட திருடன் லயத்தில் ஏன் நிற்கப்போகிறான்?

ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தது: ஒரு கன்டெய்னர் அந்தச் சாவியோடு ஓடுகிறது. நோண்டினேன். எந்த இமேஜிலிருந்து, அதாவது எந்த அச்சிலிருந்து, வந்தது, எந்தக் கணக்கில் ஓடுகிறது, அந்தக் கணக்குக்குக் கிளஸ்டர் முழுவதும் ஆளும் அதிகாரம் உண்டா, உள்ளே யாராவது ஷெல் திறந்து கட்டளை தட்டினார்களா? வலையமைப்பையும் சேமிப்பையும் பராமரிக்கும் சில கன்டெய்னர்களுக்கு இந்தச் சாவி நியாயமாகவே வேண்டும். அவை மின்கம்பத்தில் ஏறுகிறவன் மாதிரி. இதுவோ மாத அறிக்கையைப் பிடிஎஃப் ஆக்குகிற எடுபிடி. காலையில் இதை ஓடவிட்டவரிடம் கேட்டேன்.

"ஏன் சார் இதுக்கு இவ்வளவு அதிகாரம்?"

"அப்படிப் போட்டாத்தான் ஓடுது. தற்காலிகம்தான்."

தற்காலிகத்துக்கு இரண்டு வயது. அதே எச்சரிக்கை தினமும் வந்திருக்கிறது. தொல்லை என்று அதைத் தனிக் கோப்புறைக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். நாய் குரைத்தால் திருடனைத் தேடாமல் நாயின் வாயைக் கட்டுகிற புத்திசாலிகள்!

பெரிய வீடுகளும் இப்படித்தான். டெஸ்லாவின் கிளஸ்டரை ஆளும் குபர்நெட்டீஸின் நிர்வாகத் திரை கடவுச்சொல்லே இல்லாமல் கிடந்து, யாரோ உள்ளே புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தது 2018இல் அம்பலமானது. நம் நாட்டு அரசாங்க கிளவுட்டில் 2023 ஆகஸ்ட் 26இல் ரான்சம்வேர் புகுந்தது. அது கன்டெய்னர் விவகாரமல்ல, ஆனால் நோய் ஒன்றே. மைக்ரோசாஃப்ட் அந்த ஏப்ரலிலேயே கைகழுவிவிட்ட எக்ஸ்சேஞ்ச் 2013 என்கிற அஞ்சல் மென்பொருளில் அரசாங்கத்தின் அஞ்சல் ஓடியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் அன்றுவரை இருந்ததெல்லாம் போயிற்று. அந்த நாட்களுக்குப் பிரதி இல்லை. மூன்று மாதச் செக்ரோலை, அதாவது பேர்ப் பதிவேட்டை, தொலைத்த கணக்கப்பிள்ளை அன்று மாலையே பெட்டி படுக்கையோடு ரோட்டில் நிற்பார். கொழும்பில் இதற்குப் பெயர் 'சம்பவம்'.

லீவில் ஊருக்கு வந்தபோது அந்தக் கன்டெய்னர்ப் பெட்டியின் கதையை அம்மாவிடம் சொன்னேன். கொழுந்துச் சாயம் ஏறிய விரலை மடக்கி யோசித்தார்.

"அந்தப் பெட்டிக்கு யாருடா பேர் போடுறது?"

"யாருமில்லம்மா."

"அதான் ஆடுது."

கொழும்பு திரும்பியதும் அந்தச் சாவியைப் பிடுங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கூட்டம் போட்டார்கள், தேநீர் குடித்தார்கள் – எங்கள் ஊர்த் தேயிலைதான். 'ஆபத்து ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று என் புகார் டிக்கெட்டை மூடினார்கள். ஏற்றுக்கொண்டவர் பெயர் மட்டும் அதில் இல்லை.

மனம் பொறுக்கவில்லை. அன்றிரவு அந்த ஒரே வரியை நானே 'ஃபால்ஸ்' என்று மாற்றி அனுப்பினேன். திரையில் சிவப்பில் பதில் வந்தது: இதைச் செய்ய உங்களுக்கு அதிகாரம் இல்லை.