முதல் ஆட்டம்: 1-6, 1-6

கேள்வி: என் மகள் முதல் டென்னிஸ் போட்டியிலேயே மண்ணைக் கவ்விவிட்டாள். ராக்கெட்டைப் பரணில் போட்டுவிடலாமா?

பதில்: பரணில் இடமிருந்தால் பழைய பாத்திரத்தைப் போடுங்கள். 1995 அக்டோபரில், கனடாவின் கியூபெக் நகரில், 14 வயதுச் சிறுமி ஒருத்தி தொழில்முறை ஆட்டக்காரியாக முதன்முதலில் களமிறங்கினாள். அதுவும் பிரதான சுற்றில் அல்ல, தகுதிச் சுற்றில். 1-6, 1-6. ஒரு மணி நேரத்துக்குள் மூட்டை கட்டியாயிற்று. பெயர் செரீனா வில்லியம்ஸ். உங்கள் மகள் இரண்டு கேமுக்கு மேல் எடுத்திருந்தால், அன்றைய செரீனாவைவிடத் தேவலை!

அடுத்த ஆண்டு முழுக்க அவர் எந்தத் தொழில்முறைப் போட்டியிலும் ஆடவில்லை. அப்பா ரிச்சர்டுக்கு அவசரமே கிடையாது. ஜூனியர் போட்டிகளிலிருந்தே மகள்களை விலக்கி வைத்த மனிதர். (நம் ஊரில் எல்.கே.ஜி.க்கே ரேங்க் கேட்கிறோம்.) 1997இல் சிகாகோவில், தரவரிசையில் 304ஆம் இடத்திலிருந்த செரீனா, மேரி பியர்ஸ், மோனிகா செலஸ் என்ற இரண்டு மலைகளை அடுத்தடுத்துச் சாய்த்தார். 1999இல் மார்ட்டினா ஹிங்கிஸை வென்று அமெரிக்க ஓபன் பட்டம், வயது 17. அதுவரை அக்கா வீனஸுக்கே கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் கிடைத்திருக்கவில்லை. அன்றிரவு அக்கா, தங்கையில் யார் முதலில் பேச்சை ஆரம்பித்தார்கள் என்பதுதான் என் சந்தேகம்.