கோழிக்குத்தான் ஃபேன்

பெங்களூருத் தமிழர்களில் ஒரு ரகம் உண்டு. லிங்கராஜபுரம், ஆஸ்டின் டவுன், அல்சூர் பக்கம் தெருவுக்கு ஒருவராவது தென்படுவார். பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்து ரிட்டயரானவர். சொந்த வீடு, மேலே மொட்டைமாடி, அதில் ஏழெட்டுக் கோழி. தெருப் பிள்ளைகளுக்கு அவர் 'கோழித் தாத்தா'.

தாத்தாவின் கொள்கை ஒன்றுதான்: பெங்களூரில் புழுக்கம் என்பதே கிடையாது. "மூவாயிரம் அடி உசரத்துல இருக்கோம்ப்பா. மே மாசத்துல கம்பளி போத்திப் படுத்த ஊரு இது. ஃபேன் எதுக்கு?" வீட்டு ஹாலில் ஃபேன் மாட்டும் கொக்கி மட்டும் இருக்கிறது. அதில் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் தூளிதான் தொங்கியிருக்கிறது. மெட்ராஸிலிருந்து வந்த சம்பந்தி நெற்றியைத் துடைத்தால், அது அவர் ரயிலில் கூடவே கொண்டுவந்த வியர்வை. 2016 ஏப்ரல் 24 அன்று 39.2 டிகிரி பதிவானபோதும் அசரவில்லை. "மீட்டரை வெயில்ல வெச்சிருப்பான்" என்றார்.

2024 ஏப்ரல் கடைசியில் வெயில் 38.5 டிகிரியைத் தொட்டபோதுதான் கொள்கை ஆட்டம் கண்டது. மனிதர்கள் சொன்னதற்காக அல்ல. கோழிகள் வாயைப் பிளந்துவிட்டன.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அதன் உடம்புச் சூடே 41, 42 டிகிரி. வெளியே வெயில் ஏறினால் இறக்கையை அகற்றி வைத்து, அலகைத் திறந்து இரைத்துத்தான் தணித்துக்கொள்ள வேண்டும். இரைக்க இரைக்கக் கரியமில வாயு கூடுதலாக வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை ஏறும். முட்டை ஓடு மெலியும். இதெல்லாம் தாத்தாவுக்கு அத்துப்படி. பேரனுக்குக் காய்ச்சல் என்றால் "ஒரு கஷாயம் குடு" என்று முடித்துக்கொள்பவர், கோழி விஷயத்தில் கால்நடை டாக்டருக்கே வகுப்பெடுப்பார்.

தீனி விடியலிலும் சாயங்காலத்திலும் மட்டும். தின்றது செரிக்கும்போது உடம்பு இன்னும் சூடாகும் என்பதால் உச்சி வெயிலில் கிடையாது. இதை விளக்கிவிட்டுக் கீழே இறங்கி, அதே உச்சி வெயிலில் இரண்டு ராகி முத்தே (களி உருண்டை) உள்ளே தள்ளுவார். நிழலில் மண்சட்டித் தண்ணீர், அதில் எலக்ட்ரோலைட் பொடி. தகரக் கூரைமேல் தென்னங்கீற்று, பக்கவாட்டில் ஈரச் சாக்கு. "சாக்கை நனைச்சா மட்டும் போதாது, காத்து ஓடணும். இல்லேன்னா இட்லிப் பானைதான்." தர்பூசணி வாங்கினால் சிவப்பெல்லாம் மாடிக்கு, தோலையொட்டிய வெள்ளைப் பகுதி கீழே கூட்டு.

அந்த வருஷம் மார்ச்சில், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது. தாத்தா அரை பக்கெட்டில் குளித்து, மிச்ச அரையைச் சாக்குக்கு விட்டார். யாராவது அதிகாரி வந்து கேட்டால் சொல்ல ஒரு வாதமும் தயாராக வைத்திருந்தார். யாரும் வரவில்லை. அதில் அவருக்கு வருத்தம்தான்.

ஹெப்பாளில் உருவாக்கிய கிரிராஜா ரகச் சேவலுக்கு 'ராஜா' என்று பெயர். செவலை நாட்டுக்கோழி 'சரோஜா'. நடிகை சரோஜாதேவி நம்ம ஊர்ப் பொண்ணு, அதனால். விருந்தாளி ஒருவர் சரோஜாவைப் பார்த்து, "நாட்டி கோளி சாறு எப்ப சார்?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு அன்றைக்குக் காபி வரவில்லை. தாத்தா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டன் மட்டுமே.

இப்படிப்பட்டவர் ஒரு மாலை ஆட்டோவில் ஸ்டாண்டு ஃபேனோடு வந்து இறங்கினார். வாசலில் நின்ற பாட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. முப்பது வருஷக் கோரிக்கையல்லவா!

"கோழிக்கு" என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

மறுநாள் அவருடைய ஈஸி சேரும் மாடியேறிக் கூண்டுக்குப் பக்கத்தில், ஃபேன் திரும்பும் திசையில் இடம்பிடித்தது. "பூனை வருது. காவல் வேணாமா?" காவல் மத்தியானம் ஒரு மணிக்குத் தொடங்கும், குறட்டை ஒன்றரைக்கு. பாட்டியும் சும்மா இருக்கவில்லை. கீரைக்கட்டோடு போய் உட்கார்ந்துகொண்டார், கோழிகளுக்குத் துணையாக. எதிர்வீட்டுக்காரர் சேவலைப் பற்றிச் சந்தேகம் கேட்க வந்தார். அவருக்குச் சந்தேகம் தீரவே இல்லை, தினமும் வந்தார். யார் வாயிலும் வெயில் என்ற பேச்சு மட்டும் வரவில்லை.

பாட்டி ஒருநாள் ராத்திரி மெல்ல ஆரம்பித்தார். "ஏங்க, சரோஜா ராத்திரியிலயும் இரைக்குதே. பாவம், நம்ம ரூம்லயே ஒரு கூடையில கவுத்து வெச்சுக்கலாமா?"

தாத்தா யோசித்தார். "வெச்சுக்கலாம். ஆனா ஃபேனையும் கீழ எறக்கணுமே."

"எறக்குங்க. கோழிக்குத்தானே" என்றார் பாட்டி.