எலுமிச்சைக்கு வேலையில்லாத மலை

திண்டுக்கல்லில் உள்ள அம்மாவுக்கும் சின்ன மாமாவுக்கும், சுவிட்சர்லாந்தின் பெல்லின்சோனாவிலிருந்து மகன் எழுதுவது.

கொண்டை ஊசி வளைவு என்பது, ஏறிவரும் சாலை நேரே செல்ல வழியின்றி வந்த திசைக்கே திரும்பிக்கொள்ளும் இடம். வத்தலக்குண்டுக்கு அப்பால் காட்ரோட்டில் பிரியும் கொடைக்கானல் சாலையில் அது வயிற்றைப் புரட்டுவதற்கென்றே அமைக்கப்பட்டது என்பதும், முகர்வதற்கு எலுமிச்சம்பழம் இல்லாமல் எந்த மலையும் ஏறலாகாது என்பதும் திண்டுக்கல் வீட்டாரின் நெடுநாள் கொள்கை. சூரிச்சில் கறிவேப்பிலையும் சீரகச் சம்பாவும் வாங்கிக்கொண்டு மகனும் மருமகளும் வீடு திரும்பும் வழியில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் கோட்ஹார்டு கணவாய் குறுக்கிடுகிறது. 1980-இல் திறக்கப்பட்ட 16.9 கிலோமீட்டர் சுரங்கச் சாலை மலையைக் குடைந்து மறுபுறம் சேர்த்துவிடும் என்றாலும், இருட்டைப் பார்க்க மலைக்குப் போவானேன் என்று இருவரும், எலுமிச்சையோடு, மேலே ஏறினர்.

கணவாயின் உயரம் 2,106 மீட்டர். கொடைக்கானலின் உயரமும் ஏறத்தாழ அதுவே. ஆயினும் கொடைக்கானல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகையிலும் இக்கணவாய் 46 பாகையிலும் இருப்பதால், அங்கே கேரட்டும் பேரிக்காயும் விளையும் உயரத்தில் இங்கே புல்லும் பாறையுமே உள்ளன. குளிர்காலத்தில் பனி மூடுவதால் சாலையையே அடைத்துவிடுகிறார்கள். சாலைக்குப் பூட்டுப் போடும் நாடு என்று கேட்டுப் பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் மகிழக்கூடும். போடப்படுவது வெறும் தடுப்புக் கட்டைதான் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

ஏறும் வழியில் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து எதிர்ப்பட்டது. ஒருகாலத்தில் கடிதமும் பயணியரும் ஒரே வண்டியில் சென்றதன் எச்சம் அப்பெயர். எதிரே வருவது தெரியாத வளைவுகளில் அது எழுப்பும் மூன்று சுர ஒலி, ரோசினி 1829-இல் அரங்கேற்றிய ‘வில்லியம் டெல்’ இசைநாடகத்திலிருந்து எடுத்தது. வளைவுக்கு முன்னும், வளைவிலும், வளைவு முடிந்த பிறகும் ஹாரன் அடிக்கும் சின்ன மாமாவுக்கு மூன்று சுரம் போதாது. மலை அஞ்சல் சாலைகளில் அப்பேருந்தின் ஓட்டுநர் பின்னே போகச் சொன்னால் மற்ற வண்டிகள் போகத்தான் வேண்டும் என்னும் விதியை மாமா இதுவரை அறியாதிருந்தது இரு நாட்டுக்கும் நல்லது.

தெற்கே இறங்கும் பழைய சாலைக்குத் திரெமோலா என்று பெயர்; கருங்கல் பாவிய 24 கொண்டை ஊசி வளைவுகள். டம்டம் பாறையில் தலையாறு அருவியைப் பார்க்க நிற்பவரின் கடலைப் பொட்டலத்தைக் குரங்கு பறிப்பது போன்ற இடையூறு ஏதும் இங்கில்லை. வளைவோரத்தில் தேநீர்க் கடையும் இல்லை. பின்னிருக்கையில் வாந்தியெடுக்கும் பெரியப்பாவும் இல்லை. காட்சி முழுவதையும் தடையின்றிப் பார்க்க முடிந்ததால் அது விரைவிலேயே தீர்ந்துபோயிற்று.

அம்மா வற்புறுத்தியதால் எடுத்துச் சென்ற எலுமிச்சம்பழம் 24 வளைவுகளிலும் சட்டைப்பையில் சும்மா கிடந்து, இரவு ரசத்தில் பிழியப்பட்டது.