ரிமோட் எறிதல்

தறியும் தையலுமாக இருக்கிற ஊரில் உட்கார்ந்து ஒலிம்பிக் பார்க்கிறோம். ஒன்றும் விளங்கவில்லையே?
*(வாசகி, தளவாய்புரம்)*

ஈட்டி எறிதல் உங்களுக்கு விளங்கும், மீட்டர் கணக்குதானே! நீரஜ் சோப்ரா டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்தார், தங்கம். பாரிஸில் 89.45 மீட்டர் எறிந்தார், வெள்ளி. துணி வியாபாரம் மாதிரிதான். நம் மீட்டர் கூடினால் போதாது, பக்கத்துக் கடை மீட்டரையும் பார்க்க வேண்டும். அங்கே பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 அளந்துவிட்டார்!

டோக்கியோ விடியற்காலையில் எழுப்பியது; பாரிஸ் நள்ளிரவு வரை விழிக்க வைத்தது. நியாயமா?
*(வாசகர், ராஜபாளையம்)*

டோக்கியோ கடிகாரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னே. கோடையில் பாரிஸ் கடிகாரம் மூன்றரை மணி நேரம் பின்னே. சரியாக நடுவில் இருப்பவர் நாம்தான். நடுவர் தூங்கலாமா?

கிரிக்கெட் மட்டுமே பார்க்கும் என் கணவருக்கு, நாலே நாளில் வில்வித்தை விதியெல்லாம் அத்துப்படி ஆகிவிட்டதே?
*(வாசகி, சேத்தூர்)*

ஐந்தாம் நாள் கேட்டுப் பாருங்கள். மறதியிலும் அவர் சாதனை படைத்திருப்பார்.

ஒலிம்பிக் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டேன். சரிதானே?
*(வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்)*

பால்கோவா வருமுன் இலையை மடித்துவிட்டீர்கள்! பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 6 பதக்கங்கள். அதே ஊரில் அடுத்து நடந்த பாராலிம்பிக்கில் 29. துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ, மாரியப்பன் என்று நம் தமிழ்நாட்டுக்காரர்களே நான்கு பேர். மாரியப்பனுக்கு ரியோ, டோக்கியோ, பாரிஸ் மூன்றிலுமே உயரம் தாண்டுதலில் பதக்கம். 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் முடிந்ததும் ரிமோட்டைத் தூர எறிந்துவிடாதீர்கள்.