எலி எந்தக் கையில திங்குது, மாப்புள?

வாங்க மாப்புள, குந்துங்க. ஒரு வாய் சாயத்தண்ணி குடிங்க. பசறை டவுன்ல நீங்க பேசினது லயத்துக்கே வந்து சேந்துருச்சு. எலி மூளையில ஆணுக்கு ஒரு பக்கம், பொண்ணுக்கு ஒரு பக்கமாம். விஞ்ஞானமே சொல்லிருச்சாம். அதனால காசும் கணக்கும் ஆம்பளகிட்டத்தான் இருக்கணுமாம். கூடவே, உங்க சின்ன மக இடக்கையில எழுதுறாள்னு அவ கையைக் கட்டி வைக்கச் சொல்லி உத்தரவு வேறயாம். கவ்வாத்துக் கத்தி புடிச்ச ஆளு நான், எனக்கென்ன தெரியும்? ஊவா வெல்லஸ்ஸ கேம்பஸ்ல படிக்கிற மூத்தவ வீட்டுப் பேத்திகிட்ட கேட்டேன். அவ சொன்னதை உங்க காதுல போடுறேன், கோவிச்சுக்காதீங்க.

நீங்க சொன்னதுல பொய் இல்ல. அமெரிக்காவுல பெர்க்லியில மேரியன் டயமண்டுன்னு ஒரு அம்மா. 1981ல எலி மூளையை அளந்த கணக்கை வெளியிட்டாங்க. ஆண் எலிக்கு மூளையோட மேல்பட்டை வலப்பக்கம் தடிப்பு. பொட்டை எலிக்கு இடப்பக்கம் ஒரு பொட்டு கூட, அதுவும் அடிச்சுச் சொல்ற அளவுக்கு இல்ல. பொறந்த உடனே சூல்பையை எடுத்துட்டா பொட்டைக்கும் ஆண் மாதிரியே வலப்பக்கம் ஏறிருச்சு. அப்ப அது ஹோர்மோன் பண்ற வேலை. தடிச்ச பக்கம்தான் கெட்டிக்காரப் பக்கம்னு அதுல வரல. அது நீங்க போட்ட மசாலா. அளந்து சொன்னதும் ஒரு பொம்பளதான்கிறதை டவுன்ல சொன்னீங்களா?

சரி, கைக்கு வருவோம். இடக்கையை ஆட்டுறது வலப்பக்க மூளை. உங்க கணக்குப்படி ஆண் எலி அத்தனையும் இடக்கைக்காரனா இருக்கணுமே! நாடு நாடாச் செஞ்ச ஆராய்ச்சியை எல்லாம் 2021ல ஒண்ணாக் கூட்டிப் பாத்திருக்காங்க. நூத்துக்கு 84 எலிக்குத் தனக்குன்னு ஒரு வாகான கை உண்டு. ஆனா எலிக்கூட்டம் மொத்தமா இந்தப் பக்கமும் சாயல, அந்தப் பக்கமும் சாயல. அதது தன் இஷ்டத்துக்குத் திங்குது.

அதுக்கு முன்னாடியே, 1960கள்ல, ஜாக்சன் ஆய்வுக்கூடத்துல ராபர்ட் கொலின்ஸ்னு ஒருத்தர் சுண்டெலியை வச்சுப் பாத்தாரு. சின்னக் குழாயில தீனி வச்சு, எந்தக் கையை உள்ள விடுதுன்னு எண்ணினாரு. அப்புறம் இடக்கைக்கு இடக்கையாப் பாத்து ஜோடி சேத்தாரு. மூணு தலைமுறை! நம்ம ஆளுங்க கூட இவ்வளவு பொருத்தம் பாக்கமாட்டாங்க. பொறந்த குட்டியில பாதி இடது, பாதி வலது. அப்பன் ஆத்தா சேத்து வச்ச சொத்து இல்ல இது, மாப்புள. 1975ல இன்னொண்ணு வெளியிட்டாரு. குழாயை ஒரு ஓரத்துக்குத் தள்ளி வச்சா, ஒரு கைக்குத்தான் லேசா எட்டும். பெரும்பாலானது அந்தக் கைக்கே மாறிக்கிச்சு. ஒரு சிலது மட்டும் சிரமப்பட்டாலும் தன் கையைத்தான் நீட்டுச்சு. நம்ம சின்னவளை அந்தக் கோஷ்டியில சேத்துக்கங்க.

பூனை சங்கதி வேற. பெல்ஃபாஸ்டுல குயின்ஸ் பல்கலைக்கழகத்துல 2009ல 42 பூனையைப் பாத்தாங்க. போத்தலுக்குள்ள மீனை வச்சா, கடுவன் இடக்கையை விடுது, பொட்டை வலக்கையை விடுது. மனுசங்கள்லயும் இடக்கைக்காரங்க பொம்பளைங்களைவிட ஆம்பளைங்கள்ல கொஞ்சம் கூட. அப்ப இடக்கைதானே ஆம்பளக் கை? வலக்கையில தின்னு, வலக்கையில பீடி பத்த வைக்கிற நீங்க எந்தப் பக்கம்? நான் கேக்கல, அந்தக் கடுவன் கேக்குது.

எம் மக கொழுந்து எடுக்கிறதை என்னைக்காவது நின்னு பாத்திருக்கீங்களா? நமுனுகலை மலையில மேகம் இறங்கி மழை அடிக்கிறப்பவும் ரெண்டு கையும் ஒரே நேரத்துல ஓடும். தராசுல நிறுத்துப் பேர் போடுறப்ப, இது எந்தக் கையில எடுத்த கொழுந்துன்னு கணக்கப்புள்ள கேக்கறதில்ல. சம்பளத்தன்னைக்கு அந்தக் காசு யார் கைக்குப் போகணும்னு சொல்றதுக்கு மட்டும் உங்களுக்கு எலி வேண்டியிருக்கு.

இன்னொண்ணும் கேளுங்க. அதே டயமண்டு அம்மா கூட்டாளிகளோட சேந்து 1964ல எழுதினது. ஒத்தையில அடைச்சு வச்ச எலிக்கு மூளைப்பட்டை மெலிசு. கூட்டத்தோட, விளையாட்டுச் சாமானோட வளந்த எலிக்குத் தடிப்பு. வலது இடதைவிட இதுல நமக்கு வேலை இருக்கு. சின்னவ கையை அவுத்து விடுங்க, அவ புடிக்கிற கையிலயே பென்சிலைப் புடிக்கட்டும். நீங்களும் காம்பராக் கதவைச் சாத்திக்கிட்டு போனைத் தடவுறதை விட்டுட்டு, வெளிய வந்து புள்ளைங்களோட பந்து எறிங்க, எந்தக் கையா இருந்தாலும் சரி. இத்தனை நாள் ஒத்தையில கிடந்ததுல உங்களுக்கு எந்தப் பக்கம் மெலிஞ்சிருக்குன்னு நான் வாயால சொல்லமாட்டேன். ஆயிரம் இருந்தாலும் மாப்புள.