சும்மா இருக்கத் தெரியாத கம்பைலர்

தொண்ணூறுகளில் எங்களுக்கு வாய்த்த சி கம்பைலர் சுத்த மந்தம். எட்டால் பெருக்கச் சொன்னால் மாங்கு மாங்கென்று பெருக்கும். பிட்டுகளை மூன்று இடம் தள்ளினால் போதும் என்று அதற்குத் தோன்றாது. நாமேதான் தள்ளி எழுதிக் கொடுக்க வேண்டும். அடிக்கடி புழங்கும் மாறிக்கு முன்னால் ‘ரெஜிஸ்டர்’ என்று போட்டு, இதை மெமரிக்கு அனுப்பிவிடாதே அப்பனே என்று கெஞ்ச வேண்டும். அவசரமான இடங்களில் அதை ஓரங்கட்டிவிட்டு அசெம்பிளியில் இறங்கிவிடுவோம்.

அதில் ஒரு நிம்மதி இருந்தது. 8051 சிப்புக்கு 12 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் போட்டால் ஒரு மெஷின் சைக்கிள் 1 மைக்ரோ விநாடி. டிஜேஎன்இசட் கட்டளைக்கு இரண்டு சைக்கிள். அதை 250 தடவை சுற்றவிட்டால் அரை மில்லி விநாடி. தாளில் கூட்டிப் பார்த்தே நேரத்தை அளந்துவிடலாம்.

இன்று அதே வெற்று லூப்பை சி-யில் எழுதி, வேகப்படுத்தச் சொல்லும் ‘ஓ2’ ஆப்ஷனைக் கொடுத்துப் பாருங்கள். இதனால் யாருக்கு என்ன பயன் என்று கம்பைலர் லூப்பையே தூக்கிக் கடாசிவிடும். அதன் பக்கமும் நியாயம் உண்டு: ஒரு நிரல் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பது சி மொழியின் தர விதிகளில் கணக்கிலேயே இல்லை. சும்மா சுற்றுவதற்கும் ‘வாலட்டைல்’ என்று மனுப் போட வேண்டிய காலம் இது.

பாஸ்வேர்டைப் பயன்படுத்திய கையோடு மெமரியில் அதன் தடத்தை அழிக்க ‘மெம்செட்’ போடுகிறோம். அதற்கப்புறம் அந்த இடத்தை யாரும் படிக்கவில்லையே என்று, அழிக்கும் வரியையே கம்பைலர் அழித்துவிடுகிறது. திருடன் படிப்பான் என்பது அதற்குத் தெரியாது. அழி என்றால் நிஜமாகவே அழி என்று சொல்வதற்காகவே சி23 தரத்தில் ‘மெம்செட்_எக்ஸ்ப்ளிசிட்’ என்று தனி ஃபங்ஷன் வந்திருக்கிறது.

இதையும் மிஞ்சிய கூத்து ஒன்று உண்டு. லைப்ரரி எதுவும் இல்லாத சின்ன போர்டுக்கு மெம்செட்டை நாமே எழுத வேண்டும். ஒரு லூப், அவ்வளவுதான். ஜிசிசி கம்பைலர் அதைப் பார்க்கிறது. அட, இது மெம்செட் செய்யும் வேலையல்லவா என்று கண்டுபிடிக்கிறது. லூப்பை எடுத்துவிட்டு மெம்செட்டை அழைக்கிறது, மெம்செட்டுக்குள்ளிருந்தே! ஸ்டாக் தீரும்வரை அது தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இந்த மேதாவித்தனத்தை அடக்க நீளமான பெயரில் ஒரு ஆப்ஷன் இருக்கிறது. தெரிந்தவர்கள் மேக்ஃபைலில் போட்டுவைத்திருப்பார்கள்.

மனதில் பத்து வரி அசெம்பிளி தயாராக இருக்கும். அதை நேரே எழுதினால் அநாகரிகம். ஆகவே சி-யில் எழுதுகிறோம்; மேட் காட்பால்ட் 2012-இல் தொடங்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரரில் ஒட்டி, என்ன துப்புகிறது என்று பார்க்கிறோம்; வரிகளை இடம் மாற்றி மறுபடி ஒட்டுகிறோம். அந்தப் பத்து வரி வரும்வரை இதே பூஜைதான். இதற்குப் பெயர் உயர்நிலை மொழியில் எழுதுவது.

அசெம்பிளி ஒழிந்துவிடவும் இல்லை. ஜிசிசிக்காக லினக்ஸ் கெர்னலில் ‘பேரியர்’ என்றொரு மேக்ரோ உண்டு. மெமரிக்குப் போய்வரும் வரிகளைக் கம்பைலர் இஷ்டத்துக்கு முன்பின்னாக மாற்றாமல் தடுப்பது அதன் வேலை. அதற்குள் இருப்பது ஒரு இன்லைன் அசெம்பிளி வாக்கியம். திறந்து பார்த்தால், கட்டளை இருக்க வேண்டிய மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லை.