மாடு இல்லாத படம்

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஓசூர்ப் பக்கமிருந்து ஒரு கார் வந்து குந்தாரப்பள்ளிக் கூட்ரோட்டில் திரும்பினால், உள்ளே இருப்பவர் கொக்குக் கலைஞர். வாரத்தில் ஐந்து நாள் கம்பெனியில் மேலாளர். மிச்ச இரண்டு நாளும் 600 மி.மீ. லென்ஸுக்கு அடிமை. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர்கள்கூட இவ்வளவு மூட்டை இறக்குவதில்லை.

இறங்கியதும் டீக்கடை. "தொப்பியில செருக இறகு வேணும்னு கொக்கு இனத்தையே ஒழிக்கப் பாத்தாங்க. 1902-லயே இந்தியாவுல இறகு ஏற்றுமதிக்குத் தடை, தெரியுமா?" என்பார்.

"சக்கரை தூக்கலாவா சார்?" என்பார் கடைக்காரர்.

சட்டை முழுக்க அடர்காட்டு இலைகள். சுற்றிலும் இருப்பதோ தக்காளித் தோட்டமும் கேழ்வரகுத் தாளும், தூரத்தில் கன்டெய்னர் லாரிகளும். அந்தச் சட்டையோடு அவர் எங்கே நின்றாலும் ஊரே பார்க்கும். ஊருக்கு முன்னால் கொக்கு பார்த்துவிடும்.

ஆகவே படுப்பார். முழங்கையை ஊன்றி ஏரிக்கரையில் ஊர்வார். மாடு மேய்க்கும் பாட்டி பதறிப்போய், "என்னா சார், எதுனா தொலைச்சிட்டீங்களா?" என்று தேட உட்காருவார். பறவை இன்னொரு வரப்புக்குப் போய்விடும்.

பாட்டியின் மாட்டுக்குப் பக்கத்திலோ உண்ணிக்கொக்குகள் கால் மிதிபடாத குறையாக நடக்கின்றன. மாடு ஒரு அடி வைத்தால் புல்லிலிருந்து வெட்டுக்கிளி கிளம்பும். உடனே ஒரு கொக்கு தலையை அசைக்காமல் கழுத்தை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டும். அப்புறம் ஒரே கொத்து. இனப்பெருக்கக் காலமென்றால் தலையிலும் கழுத்திலும் ஆரஞ்சு நிறம் வேறு. பாட்டி அதைக் கண்டுகொள்வதில்லை. அதுவும் பாட்டியைக் கண்டுகொள்வதில்லை. குறிவைத்து முறைக்கிறவரைக் கண்டால்தான் அதற்கு ஆகாது.

கடைசியில் கலைஞரும் மாட்டின் மறைவிலேயே நின்று சுடுவார். வெயில் ஏறினால் வெள்ளை இறகில் வரி தெரியாமல் வெளுத்துவிடும் என்று எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து, ஒரு நிமிடத்தில் நூறு படம். வீட்டுக்குப் போய் மின்கம்பி, சாணி, லாரி, மாடு எல்லாவற்றையும் கத்தரித்து, 'குந்தாரப்பள்ளி வனத்தில் ஒரு தனிமை' என்று தலைப்பும் வைத்துவிடுவார்.

அடுத்த வாரம் பாட்டியிடம் பெருமையாகக் காட்டுவார்.

"கொக்கு நல்லாத்தான் இருக்கு. எங்க மாடு எங்க சார்?"

"ஃபிரேம்ல வரலை பாட்டி."

"அதெப்படி சார்? அது மேய வந்ததுனாலதான இது வந்துச்சு!"